கலவையாரின் ஊதா நாக்கு

இந்த ஜென்மத்தில் ஒரு பெர்ரிகூடத் தன் பல்லில் படாது என்று கலவையார் தீர்மானித்தது, டாக்டரம்மா சீட்டில் 'தினமும் ஒரு கிண்ணம் பெர்ரி' என்று எழுதி முடிப்பதற்குள்ளேயே. அதுவரை அவர் பெர்ரியைத் தின்று பார்த்ததில்லை. ஆனாலும் அது புளிக்கும் என்பது அவர் கட்சி. நரிக்காவது பழம் எட்டவில்லை என்ற நியாயம் இருந்தது. இவருக்கு எட்டிய பழமே புளித்தது.

பெயின்ட் கடையில் நிறம் கலப்பது அவர் வேலை. பழைய சுவரிலிருந்து நகத்தளவு சுரண்டிக்கொண்டு வந்து கொடுத்தால் போதும். பத்து வாளி கலந்தாலும் பத்திலும் இம்மி பிசகாமல் அதே நிறம். அதனால்தான் கலவையார் என்று பெயர் வந்தது. நாலு மணிக்கு இரண்டு க்ரீம் கேக் உள்ளே போனால்தான் கை நடுங்காது என்று ஒரு சித்தாந்தமும் வைத்திருந்தார். அந்தக் கேக்குகள் எல்லாம் சேர்ந்து இப்போது சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டில் 'ஆறு புள்ளி மூணு' என்று வந்து நின்றன.

"இது எல்லைக்கோடு. மூணு மாசத்துல கொறையலைன்னா மாத்திரை. அதுக்கும் அடங்கலைன்னா ஊசி," என்றார் டாக்டரம்மா.

கலவையாருக்கு வியர்த்தது. அண்ணன் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டதை வேடிக்கை பார்த்தே மயங்கி விழுந்தவர் அவர்.

"அந்தப் பழத்துல அப்படி என்ன டாக்டர் இருக்கு?" என்று மனைவி கேட்டாள்.

"குடல்ல கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க குடியிருக்கும்மா. இந்தப் பழத்தோட நாரும் நிறமும் அதுங்களுக்குச் சாப்பாடு. அதுங்க நல்லா இருந்தா உடம்பு சர்க்கரைய ஒழுங்காக் கையாளும். கூடவே நடக்கவும் நடக்கணும்."

"கிருமிக்கு நான் சோறு போடணுமா? நல்லாருக்கே!"

"எனக்குப் போட்ட லட்சணந்தான் தெரியுமே. அதுங்களையாவது பட்டினி போடாதீங்க," என்றாள் மனைவி.

அவள் தையல்காரி. இருபது சிவப்பு நூல்கண்டில் எது ரவிக்கையின் சிவப்பு என்று ஒரு பார்வையில் சொல்கிறவள். அந்தக் கண்ணைப் பற்றிக் கலவையார் கொஞ்சம் கூடுதலாக யோசித்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு டப்பா பெர்ரி, மாலையில் வாசற்படியிலேயே சோதனை.

"நாக்க நீட்டுங்க."

நாவல்பழம் போல நாக்கில் சாயம் ஏற்றும் பழம் அது; நாக்கு ஊதாவாக இருந்தால் உள்ளே போகலாம்.

கலவையாரா அசருவார்? பக்கத்துக் கடைகளில் மனைவிக்குத் தெரிந்த முகங்கள் அதிகம். அதனால் பஸ் நிலையம் தாண்டி அரை மணி நேரம் நடந்து ஒரு பேக்கரியைக் கண்டுபிடித்தார்.

"இந்தப் பழத்த வச்சுக்கிட்டு ஒரு ஜாம் பன் குடுங்க."

"தினமுமா சார்?"

"தினமும். ஆனா வெளிய மூச்சு விடக் கூடாது."

அங்கேயே கேக்குக்குப் போடும் சாயமும் கிடைத்தது. நீலம் இரண்டு சொட்டு, சிவப்பு மூன்று சொட்டு. சின்னத் தூரிகையால் நாக்கில் ஒரே இழுப்பு. கண்ணாடியில் பார்த்துத் தனக்குத் தானே சபாஷ் போட்டுக்கொண்டார்.

வாசற்படியைத் தாண்டியாயிற்று. மனசாட்சியைத்தான் தாண்ட முடியவில்லை. வயிறு லேசாகப் பொருமினாலும், கோடிக் கிருமிகளும் தட்டேந்தி நின்று "எசமான், பசிக்குது" என்று கேட்பதாகவே தோன்றியது. இரண்டாவது மாதம் பயம் முற்றிவிட்டது. மனைவி ஊசியில் நூல் கோப்பதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசாமல் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் வாயைத் திறந்தும்விட்டார்.

"என்னங்க இப்படி வேர்க்குது?"

"அது... பெர்ரிச் சூடு."

"அப்படியா? உடம்புல பிடிக்குதுன்னு அர்த்தம். நாளையிலேருந்து ஒரு பிடி கூடவே வைக்கிறேன்."

அந்த வாரம் பன்னும் கொஞ்சம் குண்டாக வந்தது. "ஜாம் எப்படி சார்?" என்று பேக்கரிக்காரர் கேட்டார். "அமிர்தம்! இதவிட்டுட்டு மனுஷன் பெர்ரி திம்பானாய்யா?" என்றார் கலவையார், விரலை நக்கிக்கொண்டே.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா சீட்டைப் பிரிப்பதற்குள் கலவையார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு மூன்று தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டார்.

"அஞ்சு புள்ளி எட்டு! பிரமாதம். இப்படியே விடாம சாப்பிடுங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்கவில்லை. இனியும் டப்பாவா, சாயமா? இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டாக்டர், ஒரு உண்மையச் சொல்றேன். ஒரு பெர்ரிகூட நான் தின்னல. தொண்ணூறு நாளும் ஜாம் பன்னுதான்! கொறஞ்சது என் உடம்பு வாகு. பெர்ரியாம் பெர்ரி!"

டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார். மனைவி பதறவில்லை. கைப்பையின் ஜிப்பை நிதானமாக மூடினாள்.

"தெரியும்."

"தெ... தெரியுமா?"

"பெர்ரி தின்ன நாக்கு திட்டுத் திட்டா இருக்கும். நடுவுல கறுக்கும், ஓரத்துல வெளுக்கும். உங்க நாக்கு முதல் மூணு நாளும் ஒரே ஊதா. ஓரம் வரைக்கும் பிசிறில்லாம, சமமா. அப்படிப் பூச இந்த ஊர்ல வேற யாருக்கு வரும்?"

அந்த இக்கட்டிலும் கலவையாருக்கு உள்ளூர ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. அது நிலைக்கவில்லை.

"நாலாம் நாள் உங்க பின்னாலயே வந்தேன். நீங்க பன்னோட திரும்பினதும் பேக்கரிக்காரர்கிட்டப் பேசிட்டேன். பன்னு தவிட்டு மாவு. ஜாம்ல ஒரு பொட்டு சர்க்கரை கிடையாது. நீங்க குடுத்த பழத்த மசிச்சு, மறுநாள் உங்களுக்கே வச்சுக் குடுத்தாரு."

"எ... எம் பழத்தையா?"

"உங்க பழத்தத்தான். அமிர்தம்னு விரல வேற நக்கினீங்களாமே."

"அப்ப அன்னிக்கே ஏன் புடிக்கல?"

"பிடிச்சிருந்தா பழமும் உள்ள போயிருக்காது, தினம் ஒரு மணி நேர நடையும் போயிருக்கும். உங்க அண்ணன் படுற பாட்ட நீங்க வேடிக்கை பார்த்தீங்க. நான் பயந்துட்டேங்க."

கலவையார் தலையைக் குனிந்துகொண்டார். மேசை மேல் ஊசி ஒன்று உறையோடு கிடந்தது.

"அடுத்த மூணு மாசம் எப்படி? பழமாவா, பன்னாவா?" என்று டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

அன்று மாலை கலவையார் யாரும் கேட்காமலே வாசற்படியில் நின்று நாக்கை நீட்டினார். அது திட்டுத் திட்டாக இருந்தது.