அலைவரிசை ஐயாவின் செப்புத் தகடு

கெட்ட அலையை விரட்டும் அலைவரிசை ஐயா வருகிறார் என்றால் அன்று அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடாது. லிஃப்ட் வாசலிலிருந்தே கும்பல். மூன்று பட்டம் வாங்கியவர்கள்கூட அவர் பையைத் தூக்க முண்டியடித்தார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசையில் நின்றே ஏமாறுவார்கள்!

நாற்பது கணினிகளை ஒன்றாகக் கோத்து, ஒவ்வொரு ஆய்வாளரின் கணக்கையும் கண்டெய்னர் என்னும் தனித்தனி மென்பொருள் அறையில் ஓட்டும் இடம் அது. எந்த மருத்துவமனைக்கு நாளை எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று அங்கேதான் கணித்துச் சொல்வார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை எல்லாம் படுத்துவிடும்.

"கெட்ட அலை!" என்பார் ஐயா. கணினிமேல் ஒரு செப்புத் தகடு ஒட்டுவார். கண்ணை மூடுவார். "எல்லாத்தையும் ஒருதடவை அணைச்சு, மறுபடி போடுங்க." உடனே உயிர் வரும். கைதட்டல் கூரையைப் பிளக்கும்.

கணினிகளைப் பராமரிப்பவள் கேபிள் அக்கா. "மெமரி நிரம்புது சார்" என்று மூன்று வாரமாகக் கத்தியது செவிடன் காதில் ஊதிய சங்கு. "உன் அவநம்பிக்கைதாம்மா அலையைக் கெடுக்குது" என்று மேலாளர் அவளையே வேறு பிரிவுக்கு மாற்றப் பார்த்தார்.

ஒரு காலை, மறுபடி படுத்தது. மருத்துவமனைகளிலிருந்து போன் மேல் போன். ஐயா ஏழாவது தகட்டோடு வந்தார்.

அக்காவுக்குப் பொறுமை போனது. "தகட்டுக்குத்தானே ஐயா சக்தி? ஒட்டுங்க. நான் அணைக்க மாட்டேன்."

ஒட்டினார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஐயாவுக்கு வியர்த்ததே தவிர, கணினி அசையவில்லை.

"அணைக்காம எப்படிம்மா?" என்றார் ஐயா.

"அப்படியா? சரி." அக்கா ஏழு தகட்டையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு கணினிகளை அணைத்து, மறுபடி போட்டாள். இரண்டே நிமிடம். நாற்பதும் பச்சை விளக்கு காட்டின!

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அறையே சிரித்தது. ஐயா லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படிக்கட்டில் இறங்கினார்.

"அப்போ கெட்ட அலை எங்கேம்மா?" என்றார் மேலாளர் பரிதாபமாக.

திறந்தே கிடந்த கண்டெய்னர்கள் யார் யாருடையவை என்று அணைப்பதற்கு முன் எடுத்த பட்டியலை அக்கா நீட்டினாள். "கணக்கு முடிஞ்சும் கண்டெய்னரை மூடாம வீட்டுக்குப் போயிடுறாங்க. அது மெமரியை விடாம பிடிச்சுக்குது. முதல் பேரே உங்களோடதுதான் சார்."

இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கும் கண்டெய்னர் தானே மூடிக்கொள்ளும்படி அன்றே விதி எழுதினாள். மூன்று நாள் போனது. மாதமும் போனது. ஒருநாளும் படுக்கவில்லை.

கணினிக்கு யோசிக்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் மேதைகளே, நேரம் கிடைத்தால் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்களேன்!