துருக்கியாரும் ஏழு பொன்னாடைகளும்

தன்னைக் கோழை என்று ஊரை நம்பவைக்கப் பாடுபட்டுத் தோற்றுப்போன ஒரே மனிதர், கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் துருக்கியார்தான்.

தொண்ணூறுகளில் நூற்பு மிஷின் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். அவர் ஃபிட்டர். மிஷின் பூட்டிக் கொடுக்கத் துருக்கிக்குப் போய் ஒரு வருஷம் கழித்து வந்தார். வரும்போது அந்த ஊர்ப் பாஷையையும், பாலில்லாத டீ குடிக்கும் பழக்கத்தையும் கொண்டுவந்தார். குடித்தால் போதாதா? எனக்கும் தினம் ஊற்றுவார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைச் செம்பருத்திச் செடிக்குக் கொடுப்பேன். செடி பட்டுப்போனது.

அவர் வருவதற்கு முன்பே அவர் புகழ் வந்துவிட்டது. அங்கே மில்லில் தீப்பிடித்தபோது ஒரு தொழிலாளியைத் தூக்கிவந்து காப்பாற்றினாராம். எங்கள் ஃபோர்மேன் அவர் படத்தைக் கேன்டீன் சுவரில் மாட்டி, மாலையும் போட்டார். உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. துருக்கியார் மட்டும் அந்தப் பக்கம் சாப்பிட உட்காரமாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை நாடகத்தைத் தானே போடுவதாகச் சொன்னார். அங்கே பார்த்த நாடகமாம். போரிலிருந்து ஓடிவந்த சிப்பாயை ஊரே வீரன் என்று கொண்டாடுகிறது, அவன் மறுக்கிறான். அவ்வளவுதான் கதை. ஆனால் துருக்கிப் பாஷையிலேயே போடவேண்டுமாம்.

"ஏனுங்க, தமிழ்ல போட்டா ஆகாதுங்களா?" என்றேன்.

"தமிழ்ல சொல்ல வாய் வரமாட்டேங்குதுங்க."

ஒத்திகை பெரும் கூத்து. லேத் செக்ஷன் ஆட்கள் துருக்கி வசனத்தை உருப்போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் 'ங்க' சேர்த்தார்கள்.

"அந்தப் பாஷையில 'ங்க' இல்லீங்க," என்று இவர் கெஞ்சினார்.

"பட்டாளத்துக்காரரை மரியாதையில்லாமப் பேசச் சொல்றீங்களா?" என்றார் ஒருவர். பேச்சு அத்தோடு முடிந்தது.

பூஜை முடிந்த சாயங்காலம், பொரி கடலையோடு ஷெட் நிறையக் கூட்டம். துருக்கியார்தான் சிப்பாய். மண்டியிட்டு, "பென் கஹ்ரமான் தெயிலிம்" என்றார். நான் வீரன் இல்லை என்று அர்த்தம். உடனே மைக் முழங்கியது: "அன்னாரின் நடிப்பைப் பாராட்டி டர்னிங் செக்ஷன் சார்பில் பொன்னாடை."

போர்த்தினார்கள். அவர் மறுபடி சொன்னார். கிரைண்டிங் செக்ஷன் போர்த்தியது. சொல்லச் சொல்லப் போர்த்தினார்கள். ஆறாவது பொன்னாடையில் ஆள் முகமே தெரியவில்லை. அத்தனையையும் உருவிப் போட்டுவிட்டுத் தமிழில் பேசினார்.

"நா ஆரையும் தூக்கியாரலீங்க. தீன்னதும் மொதல்ல ஓடுனது நாந்தானுங்க. அந்த ஆளு எம்பொறகால அவனாத்தான் ஓடியாந்தான்."

ஃபோர்மேன் மெதுவாக மைக்கைப் பிடித்தார்.

"பாத்தீங்களா, எத்தனை தன்னடக்கம்."

கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. ஏழாவது பொன்னாடையை ஃபோர்மேனே போர்த்தினார்.

மேடைக்குப் பின்னால் பொன்னாடைக் குவியல் நடுவே உட்கார்ந்திருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களாச்சும் நம்புறீங்களா?"

"நம்பறனுங்க."

மறுநாள் காலை முதல் ஆளாகக் கேன்டீனுக்குப் போய், மாலையோடு அந்தப் படத்தைக் கழற்றினேன். திரும்பினால் துருக்கியார் நிற்கிறார், கையில் இரண்டு டீ. ஒன்றை நீட்டினார். அந்தக் கசப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டேன்.