துருவ வெளிச்சமும் நெட்டப்பாக்கத்து நிச்சயதார்த்தமும்

வாசகப் பெருமக்களே, வில்லியனூர்ப் பக்கம் கொஞ்ச காலமாகப் புதிய ஜீவன் ஒன்று பெருகி வருகிறது. அதற்குத் துருவஞானி என்று பெயர் வைத்திருக்கிறேன். நார்வே எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கும். ஆனால் நார்வே வானத்தில் நேற்று ராத்திரி பச்சை வெளிச்சம் ஆடியதா இல்லையா என்பதைப் பல் துலக்குவதற்கு முன்பே போனில் பார்த்துவிடும்.

எங்கள் சுப்புராயன் அண்ணன் இந்த இனத்தில் முதல் தரம். மோட்டார் ஓடவில்லையா, டிவியில் புள்ளி விழுகிறதா, பேங்கில் சர்வர் படுத்துவிட்டதா, மருமகன் போனை எடுக்கவில்லையா, எல்லாவற்றுக்கும் அவர் வலது கை வானத்தை நோக்கி உயரும். "பிளாஸ்மா" என்பார். வழக்கு முடிந்தது. விளக்கம் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். சூரியன் வீசுகிற மின்துகள்கள் துருவத்து மேல்வானத்தில் வந்து மோத, அங்கே பிளாஸ்மா சீராக இராமல் திட்டுத் திட்டாகப் பிரிய, அதன் வழியே வரும் செயற்கைக்கோள் சிக்னல் தள்ளாட...

"நம்ம புதுச்சேரி மேப்பு மாதிரிபா. இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டு, நடுவுல தமிழ்நாடு. சிக்னல் அதுல பூந்து வந்தா இன்னா ஆவும்?"

இதில் கொடுமை என்ன தெரியுமா? அவர் சொல்வது சரி. துருவம் நம் தலைக்கு மேலே இல்லை என்பதுதான் சின்னச் சிக்கல்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெரு ஜெயசித்ராவின் மகன் மணிபாரதிக்கு நெட்டப்பாக்கத்தில் நிச்சயதார்த்தம். பத்தரைக்கு ராகு காலம். ராகு காலத்தில் வாசலை மிதித்தால் சம்பந்தமே வேண்டாம் என்று பெண்ணின் தாயார் காசம்மாள் கறாராகச் சொல்லியிருந்தார். இப்படிப்பட்ட நாளில் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்தது யார்? வேறு யார்! பெண் வீட்டார் அனுப்பிய லொகேஷன் வலது பக்கம் திரும்பச் சொன்னது. நார்வேயில் நேற்று பச்சை, அதனால் அம்புக்குறி பொய் சொல்கிறது, இடது பக்கம் திருப்பு என்றார் அண்ணன். டிரைவர் அன்புராஜ் பெரியவர் பேச்சைத் தட்டவில்லை.

இடது பக்கத் தெருவில் வாழைமரம், சீரியல் செட்டு, பாட்டு எல்லாம் தயாராக இருந்தன. அண்ணன் பெருமிதத்தோடு மீசையைத் தடவிக்கொண்டார். தட்டுகளோடு இறங்கியவர்களை ஒரு கூட்டம் ஓடிவந்து பன்னீர் தெளித்து, தட்டுகளை வாங்கி வரிசையாக அடுக்கி, அண்ணனுக்குச் சால்வையும் போர்த்தியது. அப்போதுதான் ஜெயசித்ரா பந்தலில் இருந்த பேனரைப் படித்தார். அது மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் இன்னும் வரவில்லையே என்று வழிபார்த்துக்கொண்டிருந்த வீடு அது!

சபையில் இறக்கிய தட்டைத் திருப்பிக் கேட்பது லேசான காரியமா? பழத்தட்டுகளை ஆசீர்வாதமாக விட்டுவிட்டு, நிச்சயப் புடவைத் தட்டையும் வெற்றிலைத் தட்டையும் கெஞ்சிக் கூத்தாடி மீட்டுக்கொண்டு, காசம்மாள் வாசலில் போய் நின்றபோது பத்தரை தாண்டிவிட்டது. காசம்மாள் கத்தவில்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"பன்னெண்டு வரிக்கும் எல்லாரும் வண்டியிலயே குந்துங்க. ஒரு கால் கீழ பட்டாலும் பொண்ணு கெடையாது."

ஒருவருக்கு நார்வே, ஒருவருக்கு ராகு. இரண்டு வானத்துக்கும் நடுவில் வெந்தது பட்டுவேட்டி கட்டிய மணிபாரதி. இந்த லட்சணத்தில் அண்ணன் பின்பக்கம் திரும்பி, பச்சை வெளிச்சத்துக்கும் சிவப்பு வெளிச்சத்துக்கும் வித்தியாசம் சொல்ல ஆரம்பித்தார். ஜெயசித்ராவுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அண்ணே, ஒங்க பிளாஸ்மா நார்வேல கீது. எம் புள்ள இங்க கீறான்."

அண்ணன் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு அடித்ததும் தட்டு மாறியது, பெண்ணும் சிரித்தாள். கல்யாணத்துக்குச் சுப்புராயன் பஸ்ஸில் வரட்டும் என்பதுதான் காசம்மாள் போட்ட ஒரே நிபந்தனை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, 'பிளாஸ்மாவால் சிக்னல் தடுமாறுவது என்னவோ உண்மைதானே' என்று உங்கள் மனம் முணுமுணுத்ததே? நேற்று நார்வேயில் வெளிச்சம் வந்ததா என்று பார்க்க இப்போதே கை போனைத் தேடுகிறதே? அப்படியானால் ஒரு புண்ணியம் செய்யுங்கள். அடுத்த விசேஷத்துக்கு வேனில் போகும்போது, தயவுசெய்து பின்சீட்டில் உட்காருங்கள்.