ஹவுசிங் ஆயில் மாற்றிய வகையில் அரக்கோணம் வந்து சேராதது பற்றி

திருத்தணி,
செவ்வாய்க்கிழமை.

அன்புமிக்க மச்சான் நேசகுமாருக்கு, உன் பாவா எலியாஸ் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உன் அக்கா ஜெபகுமாரியும் மகள் அபிகாயிலும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் வீட்டாரும் சுகம்தானா என்று, நீ போனை எடுத்திருந்தால் கேட்டே தெரிந்துகொண்டிருப்பேன். எடுக்காததில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டு வாசலில் சலவை வேட்டியோடு நின்று, வராத வேனுக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. உன் இடத்தில் நானாக இருந்தால் போனைக் கிணற்றிலேயே போட்டிருப்பேன். "போன்ல வேணாங்க, வாயத் தொறந்தா நீங்க எங்க போயி நிப்பீங்கன்னு உங்களுக்கே தெரியாது. நடந்தத நடந்தபடி லெட்டரா எழுதுங்க, நான் படிச்சிப் பாத்தப்புறம் ஒட்டுங்க" என்று உன் அக்கா உத்தரவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் இதில் பொய் எதுவும் இருக்க வழியில்லை.

முதலில் என் மானம் போன கதை. உன் மானம் போன கதை பின்னால் வருகிறது. ஞாயிறு காலை ஆராதனையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் முதல் பாட்டு முடிவதற்குள் நான் மட்டும்தான் இருந்தேன். ப்ளெஸ்ஸி டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். போதகர் பிரசங்கத்தை நிறுத்தி, "பின்னாடி சமையல்கட்டுல கேஸ் லீக் ஆவுதா பாருங்க" என்று ஆள் அனுப்பினார். நானும் யோக்கியன் மாதிரி திரும்பித் திரும்பி மோந்து பார்த்தேன். முன் பெஞ்சிலிருந்து அபிகாயில் எழுந்து வந்து காதோரம் குனிந்து, "நைனா, சுத்திச் சுத்திப் பாக்காத. அது நீதான்" என்றாள். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய், எல்லாம் போட்டுக் கழுவியும் போகாத அந்த அழுகின முட்டை வாசனைக்குப் பெயர்தான் ஹவுசிங் ஆயில்.

அது என்னவென்று உனக்குத் தெரியும். அதை மாற்றச் சொன்னவனே நீதான். எனக்குத்தான் தெரியாது. இத்தனை வருஷம் வேன் ஓட்டியும், ஆயில் என்பது இன்ஜினுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் பூசணிக்காய் சைசில் ஓர் இரும்பு உருண்டை தொங்குகிறதே, அதற்குள்ளே பல்சக்கரங்கள் இருக்கின்றன, அவை ஆயிலில் முங்கித்தான் சுற்ற வேண்டும் என்பதை, போன மாதம் நீ வந்து வேனில் உட்கார்ந்த பிறகுதான் அறிந்தேன். "இன்னா பாவா, வண்டி இப்பிடி ஊளையிடுது? இந்தச் சத்தத்தோட மாப்ள வீட்டு வாசல்ல போயி நின்னா எம்மானம் இன்னா ஆவறது? ஹவுசிங் ஆயில மாத்து மொதல்ல" என்று நீ சொன்னாய். சொன்னாய் என்று உன் அக்கா பிறகு சொன்னாள். நீ பின் சீட்டில் இருந்தாய். எனக்குக் காதில் விழவில்லை, வழக்கம்போல "ஆங்" என்றேன். அந்த வேனில் பின் சீட்டில் பேசுவது முன்னால் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. உன் அக்காவும் மகளும் பின்னால் உட்கார்ந்து ஊர் உலகமெல்லாம் பேசிக்கொண்டு வருவார்கள், நான் முன்னால் ஊளைச் சத்தத்தோடு போய்க்கொண்டிருப்பேன், எங்கள் குடும்பம் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். போதாததற்கு மைக் செட் தொழில். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிப் பாட்டு, கிறிஸ்துமஸுக்குக் கீர்த்தனை என்று இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் கட்டிக்கட்டி, எனக்குக் காது பாதி போய்விட்டது என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். நானும் மறுத்துப் பேசியதில்லை. காது கேட்காதவனிடம் யாரும் கடைக்குப் போகச் சொல்வதில்லை.

ஞாயிறு சாயங்காலம் மாப்பிள்ளை ஜெபஸ்டின் வீட்டுக்கு அபிகாயிலின் நிச்சயதார்த்தத் தேதி குறிக்க வர வேண்டும். மெக்கானிக் வேணுவோ, "திங்கக்கெழம கொண்டாங்கண்ணே" என்கிறான். சரி, ஆம்ப்ளிஃபையரையே பிரித்து மாட்டுகிறவன், ஓர் உருண்டையில் ஆயில் மாற்ற மாட்டேனா என்று சனிக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேனுக்கு அடியில் போனேன். உருண்டையில் மேலே ஒரு போல்ட்டு, கீழே ஒரு போல்ட்டு. கீழே இருப்பது பழைய ஆயிலை இறக்க, மேலே இருப்பது புது ஆயிலை ஊற்ற. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கீழ் போல்ட்டைத் திருகினேன். அது அன்பாகக் கழன்று வந்தது. பழைய ஆயில் தார் மாதிரி ஒரு டம்ளர் அளவுக்கு, அடியில் வைத்திருந்த எவர்சில்வர் பேசினில் வந்து விழுந்தது. இவ்வளவு நாள் அந்த வண்டி விசுவாசத்தில் மட்டுமே ஓடியிருக்கிறது. அது உன் அக்கா வடகத்துக்குக் கூழ் காய்ச்சும் பேசின் என்பதை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள். அதைப் பற்றி அவளே உனக்குத் தனியாகச் சொல்வாள்.

பிறகு மேல் போல்ட்டுக்கு வந்தேன். அது அசையவில்லை. ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன், காலை வைத்து உதைத்தேன், சுத்தியலால் தட்டினேன். அது இந்த வண்டி பிறந்த நாளிலிருந்தே யாரும் தொடாத போல்ட்டு. அப்போது பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரம், தாலுகா ஆபீசில் ரிட்டயர் ஆனவர், குனிந்து பார்த்து, "எலியாசு, மேல் போல்ட்டு கழலுதான்னு பாத்துட்டுத்தான்யா கீழ கைய வெக்கணும். இப்ப உள்ள இருந்ததும் போச்சி, ஊத்தவும் வழியில்ல. வண்டிய நகத்தவே முடியாதே" என்றார்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாங்க?"

"அப்பவே சொன்னேனே! நீ அடியில படுத்துகினு ஆங், ஆங்னு சொன்ன."

சாயங்காலம் வரைக்கும் ஊரில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லாம் வேனுக்கு அடியில் தலையை விட்டு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர் டீசல் ஊற்றச் சொன்னார், ஒருவர் கொதிநீர் ஊற்றச் சொன்னார், ஒருவர் வண்டியை விற்கச் சொன்னார். கடைசியில் என் தொழில்தான் எனக்குக் கை கொடுத்தது. மைக் ஸ்டாண்டு ஒன்றைக் கழற்றி, அந்தக் குழாயை ஸ்பேனர் கைப்பிடியில் சொருகி, ஒரு முனையில் நானும் பஞ்சாட்சரமும் தொங்கினோம். "ஏசப்பா" என்று நானும் "முருகா" என்று அவரும் ஒரே நேரத்தில் சொல்ல, போல்ட்டு டொக்கென்று விட்டுக்கொடுத்தது. யார் கூப்பிட்டு அது வந்தது என்பது இன்றுவரை எங்கள் தெருவில் முடிவாகவில்லை. மைக் ஸ்டாண்டு இப்போது நமஸ்காரம் பண்ணுகிற மாதிரி வளைந்து நிற்கிறது. குள்ளமாக இருக்கும் பேச்சாளர்களுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

புது ஆயிலை மேலிருந்து ஊற்ற முடியாது, வண்டியின் அடிப்பாகம் இடிக்கும். கீழ் போல்ட்டை இறுக்கி மூடிவிட்டு, பேக்கரியிலிருந்து காலி சாஸ் பாட்டில் வாங்கி வந்து, அதன் மூக்கை ஓட்டையில் வைத்துப் பிதுக்கிப் பிதுக்கி, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற மாதிரி ஊட்டினேன். ஓட்டை வழியாக வெளியே வழிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். வழிந்தது, என் வாயில். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். மச்சான், சொன்னால் நம்ப மாட்டாய், ஊளை போயே போச்சு! வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கீழே எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

இனிமேல்தான் உன் கதை. ஞாயிறு சாயங்காலம் உன் அக்கா பட்டுப்புடவை, அபிகாயில் நீ எடுத்துக் கொடுத்த நீலப் புடவை, நான் வாசனை போவதற்கு உடம்பெல்லாம் பவுடர், பழத்தட்டு, பூ, எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பாதி தூரம் வண்டி பூ மாதிரி வந்தது. அதற்கப்புறம் ஒரு புளியமரத்துப் பக்கம் வரும்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. உடனே ஓரம் கட்டினேன். "இன்னாங்க ஆச்சி?" என்றாள் உன் அக்கா. "ஹவுசிங்ல சத்தம். இதுக்கு மேல போனா சக்கரம் ரெண்டும் இறுகிக்கும்" என்றேன். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும், ஹவுசிங்குக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்காத சத்தம் பாதிக் காதை வைத்துக்கொண்டு முன்னால் இருப்பவனுக்கு எப்படிக் கேட்கும் என்றும் அவள் வாதாடினாள். இந்த இடத்தை எழுதும்போது பூண்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். சத்தம் கேட்டது மச்சான். பைபிள் மேல் கை வைத்துச் சொல்வேன்.

அரக்கோணத்துக்கு பஸ் இல்லையா, ரயில் இல்லையா என்று நீ கேட்பாய். உண்டு. ஆனால் வேனில் ஆம்ப்ளிஃபையர் இருந்தது, ரோட்டில் விட்டுவிட்டு வர முடியாது. மேலும், நல்ல காரியத்துக்குப் போகும்போது பாதியில் வண்டி மாறினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நமக்குச் சகுனம் கிடையாது, சகுனம் பார்க்கக் கூடாது என்று போதகரே சொல்லியிருக்கிறார். அதனால் நான் பார்க்கவில்லை. பார்க்காமலே வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தகப்பனார் பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்ததும், நீ எல்லாருக்கும் நடுவில் தலை குனிந்ததும் பிறகு தெரிந்து வருந்தினேன். இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்து, நடையாய் நடந்து பேசி முடித்தவன் நீ. அவர்களிடம் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டு, அடுத்த மாதத்தில் வேறு ஒரு நாள் பார்த்துச் சொல்லும்படி உன் அக்கா எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். கோபத்தை ஆறப் போட்டு போனை எடுக்கவும். கர்த்தர் உன் வீட்டையும் உன் ரயில்வே உத்தியோகத்தையும் காப்பாராக. குழந்தைகளுக்கு எங்கள் முத்தம்.

இப்படிக்கு,
உன் பாவா
எலியாஸ்

பி.கு.: உன் அக்கா படித்துப் பார்த்து, வடகப் பேசின் விஷயம் குறைச்சலாக இருக்கிறது, மற்றபடி சரி என்று சொல்லிவிட்டாள். இது போஸ்ட் ஆபீசில் நின்றுகொண்டு எழுதுவது. படித்ததும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு.

வேறு நாள் பார்க்காதே. ஹவுசிங்கில் ஒன்றுமில்லை. அந்தப் புளியமரத்துப் பக்கம் எனக்குப் பின்னாலிருந்து கேட்டது உன் மருமகள் குரல். ஊளை போனதால் பின் சீட்டுப் பேச்சு எனக்குக் கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாது, வழக்கம்போல மனம் விட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள். "அவரு கெட்டவரு இல்லம்மா. டெய்லி போன்ல ஒரு மணி நேரம் பேசறாரு. நான் இன்னா படிச்சேன்னு இதுவரிக்கும் கேக்கல. எனக்கு வேணாம்மா" என்றாள். "உங்க நைனா மட்டும் கேட்டாரா? கல்யாணம் ஆயி மூணாவது வருசந்தான் எம்முழுப் பேரே அவருக்குத் தெரியும். வாய மூடிகினு வா. ஊரெல்லாம் சொல்லிகினு திரியறாரு, இப்ப வேணான்னா அவரு மனசு ஒடஞ்சிடும்" என்றாள் உன் அக்கா. "அதுக்குத்தாம்மா நானும் சும்மா வர்றேன்" என்றது பெண். என் மனசு உடையக் கூடாது என்று இரண்டு பேரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருகிறார்கள், உன் மானத்துக்காக நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். இதில் யாருக்கு மச்சான் கல்யாணம்? ஜெபஸ்டின் தம்பி நல்ல பையன், சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கப் பிரியப்படும் பெண்ணாகப் பார்த்துக் கொடு. பழியை முழுக்க என் மேல் போடு. பைத்தியக்காரன், ஆயில் மாற்றத் தெரியாதவன் என்று சொல், நம்புவார்கள்.

திரும்பி வரும்போது அபிகாயில் பின் சீட்டில் மெல்லப் பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்குத் தெரியாது. மைக் செட் வைத்திருக்கிறேன். பழைய சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா என்று நேற்று வேணுவிடம் கேட்டேன், அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உன் அக்காவிடம் நானே ஒரு நாள் சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் தைரியம் வரட்டும்.

ஒன்று விட்டுப்போச்சு. புளியமரத்தடியில் நான் ஒன்றுமில்லாத ஹவுசிங்கை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, அபிகாயில் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து, "நைனா, எனக்கு ஒரு சத்தமும் கேக்கலியே" என்றாள். "உனக்குக் கேக்காதும்மா. ஓட்றவனுக்குத்தான் கேக்கும்" என்றேன். நிமிராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டது என்ன என்று மட்டும் நான் சொல்லவில்லை.