திருவாதவூருக்கு ஒரு கூடை

"உள்ள என்னண்ணே இருக்கு?" என்று தபால் ஆபீஸ் கவுண்டரில் ரோகிணி மூன்றாவது முறையாகக் கேட்டார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவதைவிடப் பார்சல் அனுப்புவது கஷ்டமான வேலை என்று முத்துப்பாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது.

நாற்பத்தெட்டு வயதில் அவர் அனுப்பும் முதல் பார்சல் அது. விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டின் மேலேயே கடை. தண்ணீர் மோட்டார் எதுவாக இருந்தாலும் ஒரே நாளில் சரிசெய்து ஓடவிடுவார். ஆனால் யாருக்கும் எதையும் தபாலில் அனுப்ப வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. அதனால் தனக்குத் தெரிந்த முறையில் பழைய காலண்டர் தாளைச் சுற்றி, கடையில் கிடந்த செம்புக்கம்பியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

கம்பியை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். தாள் கிழிந்தது. பக்கத்து மளிகைக் கடையில் ஒரு சோப்பு அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கிவந்தார். பெட்டி பத்தவில்லை. மறுபடி போய் ஒரு பிஸ்கட் பெட்டியைத் தூக்கிவந்தார். அதற்கு டேப் வேண்டும் என்றார்கள். டேப் ஒட்டி முடித்ததும், விலாசத்தில் பின்கோடு இல்லை என்றார்கள். அதை ரோகிணியே பார்த்து எழுதிக்கொண்டு, திரும்பவும் உள்ளே என்ன இருக்கிறதென்ற கேள்விக்கே வந்தார்.

"கூடை. வயர் கூடை."

"கூடைக்குள்ள?"

"ஒரு லெட்டர். வேற ஒண்ணுமில்ல."

ரோகிணி விலாசத்தை இன்னொரு தரம் படித்தார். திருவாதவூர். "பக்கத்துலதானண்ணே இருக்கு. பைக்கை எடுத்தா ஒரு மணி நேரத்துல போயிரலாம். வெறுங்கூடைய எதுக்குத் தபால்ல அனுப்புறீங்க?"

"அந்த ஊருக்கு நான் போறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போகாததற்குக் காரணம் இருந்தது. திருவாதவூரில் வாக்கப்பட்டிருக்கும் ஜெயக்கொடி அவருடைய ஒரே தங்கச்சி. ஏழு மாதத்துக்கு முன்னால் அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, சந்தனம் எல்லாம் எடுத்துக்கொண்டு முத்துப்பாண்டி கிளம்பினார். ஒத்தக்கடை தாண்டியதும் கார் நின்றுவிட்டது. ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் ஓட வைக்கும் மனிதருக்குக் காரைக் கிளப்பத் தெரியவில்லை. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. காது குத்தும் ஆசாரிக்கு அடுத்த ஊரில் இன்னொரு விசேஷம். பிள்ளையை மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். முத்துப்பாண்டி கொண்டுபோன தட்டுகளோடு கோயில் வாசலிலேயே திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சில்லை. ஆறப்போட்டிருந்தால் ஆறியிருக்கும். ஆனால் இரண்டு வீட்டுக்கும் போக வர இருக்கும் தங்கப்பொண்ணு சித்தி, போன ஞாயிற்றுக்கிழமை வந்து காப்பி குடித்தபடி, 'அண்ணன் அன்னைக்கு வராம இருந்ததே நல்லதாப் போச்சு' என்று ஜெயக்கொடி சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே முத்துப்பாண்டி பேனாவை எடுத்துவிட்டார். பதினோரு வருடமாகக் கடைக்குச் சோறு கொண்டுபோகும் பச்சைக் கூடை ஜெயக்கொடி தன் கையால் பின்னிக் கொடுத்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தார். கூடவே நாலு வரி எழுதினார். மூன்று வரியில் வழக்கமான கோபம்தான். நாலாவது வரியை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுதினார்: 'அம்மா சாகும்போது உன் பேரைக்கூடச் சொல்லவில்லை.'

பார்சலைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தவர் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். கூடை இல்லாததால் மனைவி தாமரைச்செல்வி சோற்றை ஒரு ஜவுளிக்கடைப் பையில் கொடுத்துவிட்டிருந்தார். கூடை எங்கே என்று வீட்டில் கேட்டதற்குக் கடையில் இருக்கிறது என்று முத்துப்பாண்டி சொல்லியிருந்தார். பைக்குள் தூக்குவாளி சாய்ந்து ரசம் பாதி கொட்டிவிட்டது. நனைந்த பையைப் பிழிந்துகொண்டிருந்தபோது நாலாவது வரி ஞாபகத்துக்கு வந்தது.

அது பொய். அம்மா கிடந்த பதினோரு நாளும் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் அவர்தான். வாய் துடைத்துவிட்டார், புரட்டிப் படுக்கவைத்தார். அம்மா ஒரு தரம்கூட 'முத்து' என்று கூப்பிடவில்லை. கடைசி நாள் காலையில், "ஜெயா வந்துட்டாளா?" என்று கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டது. அதோடு சரி. ஒரு மணி நேரம் கழித்து ஓடிவந்து விழுந்த ஜெயக்கொடி, அம்மா என்னையக் கேட்டுச்சா என்று அழுதாள். அன்றைக்கு முத்துப்பாண்டிக்கு என்ன வந்ததோ, அம்மாவுக்கு நினைவே இல்லை என்று சொல்லிவிட்டார். மூன்று வருடமாக அந்த ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதையும் தாண்டி ஒரு பொய்யை எழுதி, காசு கட்டி அனுப்பியாயிற்று.

சோற்றை மூடிவைத்தார். கடையை அப்படியே போட்டுவிட்டுத் தபால் ஆபீசுக்கு ஓடினார். பார்சலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். பை ஒரு மணி வண்டியில் போய்விட்டது என்றார் ரோகிணி. வேண்டுமானால் ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம், அது மேலே போய் உத்தரவு வருவதற்குள் பார்சல் போய்ச் சேர்ந்துவிடும் என்றும் சொன்னார். முத்துப்பாண்டி எதற்கும் இருக்கட்டும் என்று மனு எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'உள்ளே கெட்ட பொருள் உள்ளது' என்று எழுதியதைப் பார்த்ததும் ரோகிணியின் முகம் மாறியது. கெட்ட பொருள் என்றால் என்ன, யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். முத்துப்பாண்டி மனுவைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

இனி ஒரே வழி போன்தான். தங்கச்சி வீட்டுக்காரர் அசோக்குமாருக்கு அடித்தார். அவர் திருவாதவூரில் உரக்கடை வைத்திருப்பவர், சாது. ஆனால் போனை எடுத்தது ஜெயக்கொடி. ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்கும் குரல்.

"ஜெயா, பார்சல்..." என்று ஆரம்பித்தார்.

"என்ன பார்சல்?" என்று கேட்டாள். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்று முத்துப்பாண்டி எடுத்துக்கொண்டார்.

"உன் பேருக்கு ஒண்ணு வரும். பிரிச்சிராத. கடைச் சாமான். அட்ரஸ் மாறிப்போச்சு."

"எனக்கா வருது?" என்றாள். குரல் கொஞ்சம் தெளிந்தது. "கடைச் சாமானுக்கு என் அட்ரஸை எப்படிண்ணே மாத்தி எழுதுவ?"

நியாயமான கேள்வி. பிரிக்காமல் இருக்க வைத்தால் போதும் என்ற அவசரத்தில், "ஆசிட்டு. பேட்டரிக்கு ஊத்துறது. கை வச்சா வெந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வைத்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலை வரைக்கும்தான்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. போவதில்லை என்று சபதம் போட்ட ஊருக்கு, தபால்காரர் போவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று பைக்கை முறுக்கினார். ஆனால் தபால் முந்திவிட்டிருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் தபால் ஆபீஸ் முன்னால் கூட்டம். நடுரோட்டில் ஒரு அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சுற்றி ஒரு வாளி மணல், இரண்டு வாளித் தண்ணீர். போஸ்ட்மேன் மலைச்சாமி நீளமான கம்பு ஒன்றோடு காவல் நின்றார். கட்டியிருந்த ஆடுகளைக்கூட அவிழ்த்துத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அண்டாவுக்குள் என்ன என்று முத்துப்பாண்டி கேட்கவில்லை. ஒரு பக்கமாக அசோக்குமாரும் ஜெயக்கொடியும் நின்றார்கள்.

முத்துப்பாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஆசிட்டெல்லாம் இல்லை, வெறும் கூடைதான், தானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார்.

"நேத்து ஆசிட்டுனு சொன்னதும் நீங்கதானாம். இன்னைக்குக் கூடைங்கிறதும் நீங்கதான்" என்றார் மலைச்சாமி. "அம்புட்டுப் பேரும் காலையிலருந்து நிக்கிறாங்க. பார்சல் தங்கச்சி பேருக்கு வந்திருக்கு. அது கையெழுத்துப் போடட்டும், நீங்க எங்க கண்ணு முன்னால பிரிங்க."

ஜெயக்கொடி கையெழுத்துப் போட்டாள். வேறு யாரும் கிட்டே வரத் தயாராக இல்லாததால் முத்துப்பாண்டியே அண்டாவைத் தூக்கிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டேப்பைக் கிழித்தார். லெட்டரை உருவிச் சுருட்டிக் கைக்குள் மறைத்தார். மலைச்சாமி அதற்குள் கம்பை ஊன்றிக்கொண்டு எட்டிப்பார்த்து, அது என்ன பேப்பர் என்று கேட்டுவிட்டார்.

"ஆசிட் பட்ட பேப்பரு" என்று சொல்லி முத்துப்பாண்டி அதைத் தண்ணீர் வாளிக்குள் முக்கினார். முக்கியதோடு விடாமல், முழங்கை வரை கையை விட்டுப் பிசைந்தார். ஆசிட் பட்டதை இந்த மனுஷன் வெறுங்கையால் பிசைகிறாரே என்று கூட்டம் பேசிக்கொண்டது. ஜெல் பேனாவில் எழுதியது நல்லதாகப் போயிற்று. தண்ணீர் நீலமாக மாற, தாள் கூழாகிவிட்டது.

பெட்டிக்குள் கூடை இருந்தது. ஜெயக்கொடி வந்து அதை எடுத்தாள். அடியில் வெள்ளை வயரால் பின்னிய 'மு' என்ற எழுத்தை விரலால் தடவினாள்.

"இதை எதுக்குண்ணே அனுப்புன?"

"பிடி அந்து போச்சு" என்றார் முத்துப்பாண்டி. "பின்னித் தருவியான்னுதான்."

பிடி இரண்டும் இரும்பு மாதிரி இருந்தன. கூட்டத்தில் நின்ற எல்லாருக்கும் அது தெரிந்தது. ஜெயக்கொடி இரண்டு பிடியையும் இழுத்துப் பார்த்தாள். அண்ணன் முகத்தையும் பார்த்தாள்.

"ஆமா, அந்துதான் போச்சு. வீட்டுக்கு வா, பின்னித் தாரேன்" என்றாள்.

வீட்டில் மீதி வயர்க் கட்டை எடுத்துவந்து உட்கார்ந்து, நன்றாக இருந்த பிடியை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தாள். அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பின்ன ஆரம்பித்தாள். முத்துப்பாண்டி எதிரில் உட்கார்ந்து அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுகுத்து அன்று கோயில் வாசலிலேயே திரும்பியது தப்பு, பிள்ளையையாவது பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார். அண்ணன் வரும்வரை ஆசாரியை நிறுத்திவைக்காதது தன் தப்பு என்றாள் அவள். ஒரு பிடி முடிந்து இரண்டாவது பிடி பாதியில் இருக்கும்போது அவர் அதையும் சொல்லிவிட்டார்.

"ஜெயா, அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் நினைவு இருந்துச்சு. ரெண்டு தரம் கேட்டுச்சு. ஜெயா வந்துட்டாளா, ஜெயா வந்துட்டாளான்னு. வேற யார் பேரையும் சொல்லல. என் பேரையும் சொல்லல. அந்த ஆத்தாமையிலதான் உன்கிட்ட மறைச்சுட்டேன்."

ஜெயக்கொடியின் கை நின்றுவிட்டது. வயர் மடியில் விழுந்தது. அழுவாள் என்று முத்துப்பாண்டி எதிர்பார்த்தார். ஆனால் அவள் அழவில்லை. முகம் வெளுத்து, நிலைப்படியில் நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். உள்ளே இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் என்னவோ பேசிக்கொண்டார்கள்.

தான் செய்ததை அவள் மன்னிக்கமாட்டாள் போலிருக்கிறது என்று முத்துப்பாண்டி நினைத்தார். மூன்று வருடம் மறைத்ததற்கு அந்தத் தண்டனைகூட இல்லாவிட்டால் எப்படி என்றும் நினைத்துக்கொண்டார். ஆனால் திரும்பி வந்தவள் கோழி அடிக்கச் சொன்னாள். இன்னைக்குத் தங்கிட்டு நாளைக்குப் போயேன் அண்ணே என்றாள். தாமரை மதினி வீட்டில்தான் இருக்கிறார்களா என்று இரண்டு தடவை விசாரித்தாள். சோறு போடும்போது அவள் கண்ணீர் இலையில் சொட்டியது. அசோக்குமார் சாப்பாட்டுக்கு நடுவில் மூன்று முறை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உரக்கடை வேலையாக இருக்கும் என்று முத்துப்பாண்டி கண்டுகொள்ளவில்லை. இப்படி ஒரு தங்கச்சிக்கு அந்த நாலாவது வரியை எழுதிய கை தன்னுடையதுதானா என்று, சோற்றைப் பிசைந்துகொண்டே கையைப் பார்த்தார்.

நாலு மணிக்குக் கிளம்பினார். புதுப்பிடி போட்ட கூடையை ஜெயக்கொடி தன் கையாலேயே பைக்கில் மாட்டிவிட்டாள். நிறைய முருங்கைக்காய் வைத்திருந்தாள். போயிட்டு வாரேன் என்று சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

தெருமுனை வரைக்கும் அசோக்குமார் கூடவே நடந்து வந்தார். வீடு கண்ணுக்கு மறைந்ததும் பைக்கின் ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார். ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மச்சான், நேத்து ஜெயாவும் உங்களுக்கு ஒரு பார்சல் அனுப்பிட்டா. வந்திருந்தா தயவுசெஞ்சு பிரிக்காதீங்க, அதுல எழுதியிருக்கிறது எதுவுமே நெசமில்ல."