பொம்மைப் படமும் சிவப்புப் பொத்தானும்

மரியாதைக்குரிய மச்சான் மதுரைவீரன் அவர்களுக்கு,

மத்திகிரியிலிருந்து திம்மராயன் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை மேகலா நலம், மகள் யுவஸ்ரீ நலம். என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுதக் கை வரவில்லை. போச்சம்பள்ளியில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம், நீங்கள் சிரிப்பது காதில் விழும் என்பதால் கடிதம்.

யுவஸ்ரீ பெங்களூர் போய் அனிமேஷன் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, தாய்மாமன் என்ற முறையில் நீங்கள் அவள் பக்கம் பேசினீர்கள். நான் எல்லோர் முன்னாலும் என்ன சொன்னேன்? "பொம்மையப் பாத்து எவனாச்சும் பதறுவானா மச்சான்? அதுக்கு ஒரு படிப்பா?" என்றேன். "மொதல்ல அவகூட ஒரு படம் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றீர்கள். நானும் வீறாப்பாக, படம் என்னைக் கொஞ்சமாவது அசைத்தால் அவள் பெங்களூர் போகட்டும், இல்லாவிட்டால் எங்கள் கம்பெனி வேலைக்கு வரட்டும் என்று வாக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்னை ஓசூரில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப் போனாள். உலகமெல்லாம் கொண்டாடுகிற ஜப்பான் படமாம், தமிழிலேயே பேசுகிறார்கள். அவளுடைய தோழி காவியாவும், இவர்களுக்கு ஓவியம் சொல்லித்தரும் ஸ்வாதி மேடமும் வந்திருந்தார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டையில், தோற்கப்போவது அவர்கள்தான் என்ற முகத்தோடு உட்கார்ந்தேன்.

கதை என்னவென்றால், மலை உச்சியில் பேய்கள் நடத்தும் ஓர் ஆலை. அங்கே மேகத்தை நூலாகத் திரித்து மழையாக நெய்கிறார்கள். தம்பியை யாரோ மேகமாக மாற்றிவிட, ஒரு சின்னப் பெண் அவனைத் தேடிப்போய் அங்கேயே வேலைக்குச் சேருகிறாள். எனக்கு ஆரம்பத்திலேயே எரிச்சல். ஆலையில் வெளிச்சம் போதாது, சக்கரங்களுக்கு மூடி இல்லை, மேற்பார்வைக்கு ஒரு நரி, அந்த நரியின் தலையில் ஹெல்மெட் இல்லை. இதையெல்லாம் யுவஸ்ரீயிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "அப்பா, பேசாம பாருங்கப்பா" என்றாள். பிறகு எப்போது பேச்சை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. திடீரென்று அந்தப் பெண், தம்பியின் குரல் கேட்டு, பின்னல் அவிழ்ந்து தொங்க, ஓடுகிற சக்கரத்தின் மேல் குனிகிறாள்.

மச்சான், கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் என் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஷிப்ட் தொடங்கும்போது ஒவ்வொரு பெண்ணின் முடியும் தொப்பிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பவன் நான். ஆபத்து தெரிந்தால் யாரையும் கேட்காதே, ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடி என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான். "ஏ பாப்பா, முடி! முடி மாட்டுது! மெஷின நிறுத்துங்கடா!" என்று கத்தியது யாரோ என்று நினைத்தேன், என் தொண்டைதான். இருட்டில் யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு ஓடினேன். கதவோரம் சுவரில் சிவப்பாக ஒன்று தெரிந்தது, ஓங்கி அடித்துவிட்டேன். அது தீ விபத்து மணி.

படம் நின்றது, விளக்கெல்லாம் எரிந்தது, மணி ஊரைக் கூட்டியது. பாப்கார்னும் கைக்குழந்தையுமாக ஜனமெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டது. ஒரு கன்னடக்காரப் பெரியவர் என் கையையே பிடித்துக்கொண்டு, "பெங்கி எல்லப்பா?" என்று நெருப்பைத் தேடினார். நான் எங்கே என்று காட்டுவேன்? மேனேஜர் வந்து, "யாருங்க அடிச்சது?" என்றார். காவியா வானத்தைப் பார்த்தாள், ஸ்வாதி மேடம் தன் செருப்பைப் பார்த்தார். யுவஸ்ரீ மட்டும் முன்னால் போய், "எங்கப்பாதாங்க. கோவிச்சுக்காதீங்க, அந்தப் பொண்ணக் காப்பாத்தப் பாத்தாரு" என்றாள். எனக்காக என் மகள் மன்னிப்புக் கேட்டு நிற்கிறாள். வெட்கத்தில் கூசிப்போனேன். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பொம்மைதானேப்பா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே, பார்த்தவன் என்ற முறையில் என் கருத்து: படம் சுமார். தொழிற்சாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் எடுத்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. நான் ஓடியது வெறும் தொழில் பழக்கம். அதனால் என் பேச்சில் மாற்றமில்லை, யுவஸ்ரீ எங்கள் கம்பெனிக்குத்தான் வருவாள். நீங்கள் இனி இதில் தலையிட வேண்டாம். நடந்ததை அக்காவிடம்கூடச் சொல்லாதீர்கள், அவர் சிரித்தால் உங்கள் தெருவே சிரிக்கும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் எந்த மணியும் வீணாக அடிக்காமல் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
திம்மராயன்

பின்குறிப்பு: மணி அடித்ததோடு வெளியே வந்துவிட்டதால் மீதிப் படம் தெரியாது. அந்தப் பெண்ணின் முடி மாட்டியதா, தம்பி கிடைத்தானா என்று யுவஸ்ரீயிடம் கேட்டேன். அவள் ஏற்கெனவே பார்த்தவள்தான், ஆனாலும் "நீங்களே போய்ப் பாருங்க" என்கிறாள். பிரஸ் ஷாப்பில் நின்றாலும் அந்தப் பாப்பா ஞாபகம்தான். கருத்து என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். யுவஸ்ரீ பெங்களூர் போகட்டும். வரும் ஞாயிறு கிளம்பி வாருங்கள் மச்சான், சேர்ந்து பார்ப்போம். என்னைக் கதவோரம் மட்டும் உட்கார விடாதீர்கள்.