ஓட ஓடக் குறையுது

மண்ணச்சநல்லூர் தாண்டியதும் மீட்டர் முள் மறுபடியும் இறங்கியது.

சவரிராயன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தி மிதித்தார். இன்ஜின் கத்தியது, முள் இன்னும் இறங்கியது. காலை எடுத்தார், முள் ஏறியது. ‘உனக்கும் எனக்கும் அப்படி என்னடா பகை?’ என்று அதைக் கேட்டுவிடலாம் போலிருந்தது. பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்ததால் கேட்கவில்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உப்பிலியபுரம் போகும் தனியார் பஸ் அது. முகப்பில் ‘டர்போ’ என்று கொட்டை எழுத்தில் சிவப்பாக எழுதியிருக்கும். முதலாளி ரத்தினவேல் எங்கோ ஏலத்தில் எடுத்த வெளிநாட்டு இன்ஜினை அதில் மாட்டியிருந்தார். புகை வெளியேறும் வேகத்தில் ‘டர்போ’ என்கிற ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். அந்த அமுக்கத்துக்குப் பெயர் பூஸ்ட். அதைக் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் தனி மீட்டர். இந்த எண்பத்தேழாம் வருஷத்தில் திருச்சி ஜில்லாவிலேயே இப்படி மீட்டர் வைத்த பஸ் தன்னுடையது ஒன்றுதான் என்று முதலாளி சொல்லிக்கொள்வார். யாரும் போய் எண்ணிப் பார்த்ததில்லை.

முள் இறங்குவது இரண்டு மாதமாகவே உண்டு. பஸ் நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் சவரிராயன் கண்டுகொள்ளவில்லை. அன்று வியாழக்கிழமை காலையில் வந்த சீட்டுதான் அவரை முள்ளையே பார்க்க வைத்தது.

முதலாளி டெலிபோனில் கத்திவிட்டு அப்படியே மெட்ராஸுக்குக் கிளம்பிவிட்டாராம். கத்தியதை புக்கிங் ஆபீஸ் கிளார்க் சுருக்கமாக எழுதிக் கொடுத்திருந்தார்:

‘பூஸ்ட் குறைகிறதாம். கிளம்பும்போது சரியாக இருக்கிறதாம். ஓட ஓடத்தான் குறைகிறதாம். திங்கட்கிழமை ஊர் திரும்புகிறார். அதற்குள் சரியாகாவிட்டால் டிரைவர், கண்டக்டர் இருவரும் வீட்டுக்குப் போகலாமாம்.’

கண்டக்டர் சுடலைமுத்து சீட்டை இரண்டு தடவை படித்தான். முகம் வேர்த்துவிட்டது. பிறகு திடீரென்று தெளிந்தான்.

"வண்டியைத்தாண்ணே சொல்றாரு! சந்தேகமே இல்ல."

"அது தெரியுதுய்யா. அவர் இந்த பஸ்ல ஏறியே மூணு மாசம் ஆச்சு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"முதலாளின்னா சும்மாவாண்ணே? சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிருப்பாரு. நீங்க உடனே வண்டியைப் பாருங்க. நான் கூடவே இருக்கேன்."

இப்படி ஒரு கண்டக்டர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சவரிராயன் நினைத்துக்கொண்டார்.

மேலப்புதூரில் வீட்டுக்கு வந்து மனைவி சகாயம்மாளிடம் சொன்னார். கல்யாணமானதிலிருந்து பதினோரு வருஷம் அவர் பம்பாய் லோடு லாரி ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வீடு. மகள் பேட்ரிசியா மூன்று வயதில் அவரைப் பார்த்து, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டாள். அன்றைக்கு லாரிச் சாவியை வீசிவிட்டு வந்தவருக்கு இந்த பஸ்தான் சோறு போட்டது.

"இது போச்சுன்னா மறுபடி பம்பாய்தானா?" என்றாள் சகாயம்மாள்.

"வாயை வைக்காதே."

"மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துக்கவா?"

"மொதல்ல வீரமலையைப் பாத்துட்டு வரேன். அப்புறம் நேர்ந்துக்க."

வீரமலைக்குப் பால்பண்ணைப் பக்கம் பட்டறை. அவர் ஆயுசில் டர்போவைத் தொட்டதில்லை. ஆனால் எந்த மெக்கானிக் அதை ஒத்துக்கொண்டிருக்கிறான்? ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"ரப்பர் ஓஸ்ல காத்து கசியுது. வேகம் கூடக் கூட கசிவும் கூடும். அவ்வளவுதான் விஷயம்."

சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கினார். வெள்ளிக்கிழமை மண்ணச்சநல்லூர் தாண்டியும் முள் இறங்கவில்லை. "அப்பாடா!" என்றார் சவரிராயன். அவர் வாயை மூடுவதற்குள் ‘டமார்!’ என்று ஓஸ் வெடித்தது. பஸ்ஸுக்குள் கரும்புகை. குண்டு வைத்துவிட்டார்கள் என்று யாரோ அலற, ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். ஒரே ஒரு பெரியவர் மட்டும் பதறாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஓஸ் மட்டும் மாத்தினா போதாதுண்ணே," என்றான் சுடலைமுத்து. "உள்ளயே கை வைக்கணும். நமக்கு வேலை முக்கியம்."

அமுக்கம் மிஞ்சினால் திறந்து கொடுக்க ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதாக வீரமலை தீர்ப்புச் சொன்னார். புது ஓஸை மாட்டி, எதிலிருந்தோ கழற்றிய ஒரு முரட்டு ஸ்பிரிங்கையும் போட்டுவிட்டார். சனிக்கிழமை முள் ஏறி உச்சியில் நின்றது. இறங்கவே இல்லை. ஆனால் இன்ஜின் ‘உய்ய்ய்’ என்று ஊளையிட்டது. டோல்கேட்டில் நின்ற போலீஸ்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மந்திரி வருகிறார் என்று லாரிகளை ஓரங்கட்டி, விறைப்பாக ஒரு சல்யூட்டும் அடித்தார். பஸ் கடந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. திரும்பி வரும்போது கைகாட்டி நிறுத்தினார்.

"யாருக்குய்யா நான் சல்யூட் அடிச்சேன்?"

முக்கால் மணி நேரம் அவர் அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சவரிராயன் பூசைக்கும் போகவில்லை. மூன்று பேரும் பட்டறையில் கூடினார்கள்.

"பேசாம டர்போவையே பெருசா மாத்திடுவோம்ணே," என்றான் சுடலைமுத்து. "அப்புறம் குறையறதுன்ற பேச்சுக்கே இடமில்ல."

வீரமலை பழைய இரும்புக் கடையில், ஏதோ ஒரு ராட்சச ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய டர்போ ஒன்றைப் பிடித்து வந்தார். பூசணிக்காய் அளவு இருந்தது.

"இதைவிடப் பெருசு வேணும்னா பொன்மலை ரயில்வே ஷெட்லதான் போய்க் கேக்கணும்," என்றார் பெருமையாக.

திங்கட்கிழமை பஸ் கிளம்பியது. கிளம்பியது என்பது மரியாதைக்குச் சொல்வது. அவ்வளவு பெரிய காற்றாடி மெதுவாகப் போகும்போது சுற்றுவேனா என்றது. காவிரிப் பாலத்தில் சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். மாம்பழச்சாலையில் தயிர்க்கூடைக்காரி ஒருத்தி கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்து, பிறகு அலுத்துப் போய் முன்னால் போய்விட்டாள். கொள்ளிடம் பாலத்தில் பஸ் அடியோடு நின்றது.

"ஆம்பளைங்க எல்லாம் இறங்கித் தள்ளுங்கப்பா!" என்று சுடலைமுத்து குதித்து இறங்கினான்.

தள்ளினார்கள். இன்ஜின் முனகியது, பஸ் ஊர்ந்தது. பாதிப் பாலத்தில் காற்றாடிக்கு ஞானம் பிறந்தது. ‘உய்ங்’ என்று ஒரு சத்தம், பஸ் பாய்ந்தது. தள்ளியவர்கள் ஓடி வந்து ஒருவர் மேல் ஒருவராகப் படிக்கட்டில் தொற்றிக்கொண்டார்கள். தொந்தியும் தோல்பையுமாகக் கடைசியில் நின்ற சுடலைமுத்துவுக்கு மட்டும் கைப்பிடி எட்டவில்லை. ஓடிக்கொண்டே விசிலை வாயில் வைத்தான்.

ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு விசில் என்றால் போ. மூச்சு வாங்க ஓடுகிறவனுக்கு ஒரு விசில் எப்படி ஒன்றாக வரும்? ‘ப்பீ... ப்பீ. ப்பீ... ப்பீ.’

"போறேன்யா, போறேன்யா," என்று சவரிராயன் இன்னும் மிதித்தார்.

டோல்கேட் தாண்டித்தான் யாரோ கேட்டார்கள்: "டிரைவர், கண்டக்டரைக் காணோமே?"

சவரிராயன் பிரேக்குக்குப் போன காலை எடுத்துக்கொண்டார். நிறுத்தினால் இந்தப் பூதம் மறுபடி கிளம்பாது. மாதாவே என்று விட்டுவிட்டார். மண்ணச்சநல்லூர், துறையூர் டிக்கெட்டுகள் எல்லாம் உப்பிலியபுரத்தில்தான் இறங்கினார்கள். இறங்கியதும் அவருடைய பரம்பரையையே நிற்க வைத்து விசாரித்தார்கள்.

வேலை போய்விட்டது. அதில் சந்தேகம் என்ன? சரி, நாமே போய்ச் சொல்லிவிடுவோம் என்று அதே ஊரில் இருந்த முதலாளி வீட்டுக்கு நடந்தார். திங்கட்கிழமைதோறும் திருச்சியிலிருந்து அந்த வீட்டுக்கு இந்த பஸ்ஸில்தான் ஒரு மளிகைப் பை போகும். வழக்கமாக அது கண்டக்டர் பொறுப்பு. கண்டக்டர்தான் பாலத்தில் நிற்கிறானே. பையையும் இவரே தூக்கிக்கொண்டார்.

முதலாளியின் மனைவி செல்லக்கிளி பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ரத்தினவேல் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"முதலாளி, பூஸ்ட் விஷயமா..."

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேங்க. ரெண்டு மாசமா என் கண்ணு முன்னாலதான் குறையுது. நேரத்துக்குப் போறோமேன்னு விட்டுட்டேங்க."

"கண்ணு முன்னாலயா! பாத்துக்கிட்டா இருந்தே?"

"மண்ணச்சநல்லூர் தாண்டுனா பாதியாயிடுதுங்க."

"அடப்பாவி, துறையூர் வர்றதுக்கு முந்தியே பாதியா? அவ்வளவும் எங்கய்யா போகுது?"

"காத்துலதாங்க போகுது."

"என்னை என்ன கேனையன்னு நெனச்சியா? கூப்பிடு அந்தக் கண்டக்டரை!"

"கொள்ளிடம் பாலத்துலயே விட்டுட்டு வந்துட்டேங்க."

சொல்லி முடித்ததும் சவரிராயனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. ரத்தினவேல் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் செல்லக்கிளி கையில் ஒரு டப்பாவும் முகமெல்லாம் சிரிப்புமாக ஓடி வந்தாள்.

"ஏங்க, அந்த மனுசனைத் திட்டாதீங்க, ஒரு மாசமா பாதி பாதியா வந்துக்கிட்டிருந்துச்சே, பேரப்புள்ளைங்க பால்ல கலக்குற பூஸ்ட் டப்பா, அது இன்னைக்குத்தான் சீல் உடையாம முழுசா வந்திருக்கு!"